ஒரே ரேஷன் கார்டு

நான் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். ஒரே ஒரு பொய். அது அவளுடைய கடையைத் தின்றுவிட்டது.

பொய் சொல்லாத மனிதன் உண்டா என்று அவசரப்பட்டு எனக்காக வாதாட வந்துவிடாதீர்கள். கடன்காரனுக்குப் பயந்து சொல்லும் பொய்யல்ல அது. பிள்ளையைத் தூங்க வைக்கச் சொல்லும் பொய்யுமல்ல. சட்டம் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, சட்டத்தின் பெயரால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் சொன்ன பொய்!

நான் பத்திரப்பதிவுத் துறையில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்து மாவட்டப் பதிவாளராக ஓய்வு பெற்றவன். நிலம், வீடு, உயில் மட்டுமல்ல... இரண்டு பேர் சேர்ந்து தொழில் தொடங்கினால் அந்தக் கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வதும் அந்த நாற்காலியின் வேலைதான். எந்த விண்ணப்பத்தில் எந்த இடத்தில் எவர் கையெழுத்து வர வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இப்போது பீளமேட்டில் ஓய்வூதியமும் சர்க்கரை வியாதியுமாக இருக்கிறேன். சொந்தக்காரர்கள் யாராவது நிலம் வாங்கினாலும் விற்றாலும் கடை திறந்தாலும் என் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். கட்டணம் இல்லாத சட்ட ஆலோசனை! அதற்குக் கூலியாக எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். நான் சொன்னதை எவரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

அந்தக் கூலியின் ருசி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

என் அக்காவின் மூத்த மகன் குமரேசன். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நல்லவன். நல்லவன் என்றால் எங்கள் பக்கத்தில் அம்மா பேச்சைத் தட்டாதவன் என்று பொருள். அவன் மனைவி சுகந்தி. முறைக்கு அவள் எனக்கு மகள். என்னைப் பெரியப்பா என்றுதான் அழைத்தாள். இன்றைக்கும் அப்படித்தான் அழைக்கிறாள்...

கல்யாணத்துக்கு முன் சுகந்தி ஒரு மேட்சிங் சென்டரில் வேலை செய்தவள். சேலையைக் கொண்டுபோனால் அதன் நிறத்துக்கு ஏற்ற ரவிக்கைத்துணி, லைனிங், ஃபால்ஸ், லேஸ் எடுத்துக் கொடுக்கிற கடை. குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், அப்படி ஒரு கடையைத் தானே வைக்க ஆசைப்பட்டாள். மேட்டுப்பாளையம் ரோட்டில் இடம் பார்த்ததும் அவள்தான். கோட்டைமேட்டில் மொத்த வியாபாரம் செய்யும் சாகுல் பாயிடம் பேசிச் சரக்குக்கு ஏற்பாடு செய்ததும் அவள்தான். முதலாகப் போனது அவளுடைய சீர் நகை. குமரேசன் கம்பெனி வேலையை விடுவதாகவே இல்லை.

இனி மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. கடையை எந்த வகையில், யார் பெயரில் பதிவு செய்வது?

அதைக் கேட்பதற்குத்தான் என்னிடம் வருவதாக இருந்தார்கள். அவர்களுக்கு முன்பே அக்கா வந்துவிட்டாள்.

ஒரு சாக்கில் தன் வீட்டுத் தேங்காயோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். என் மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்து பேசினாள்.

"தம்பி, குமரேசன் ஞாயித்துக்கெழமை உன்ற கிட்டக் கேக்க வருவான். கடைய அவன் பேருல மட்டும் போடச் சொல்லிப்போடு."

"ஏக்கா? ரெண்டு பேருஞ் சேந்துதான நடத்தப் போறாங்க?"

"நடத்தட்டும். ஆரு வேண்டாம்னா? பேரு எதுக்குங்கறேன்? பேருன்னு ஒண்ணு வந்துபோட்டா நாளைக்கு அவ அப்பன் ஊட்டுக்காரங்க வந்து உக்காந்துக்குவாங்க."

"அதைப் போயி நான் எப்படிக்கா சொல்றது?"

"நீ எதுக்கு வேண்டாம்னு சொல்லோணும்? சட்டத்துல எடமில்லீன்னு சொல்லு. உன்ற வாயில வந்தா அது சட்டம்தான?"

சிரித்தேன். சிரித்து மழுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அக்கா தேங்காய்ச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, வேறு எதையோ கேட்பது போலக் கேட்டாள்:

"அப்பன் காட்டுக் கெணத்துல தண்ணி நிக்குதா தம்பி?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் எங்கள் பக்கத்தவராக இல்லாவிட்டால் அந்தக் கேள்வியின் கனம் உங்களுக்கு விளங்காது. அப்பா இறந்தபின் அவருடைய நிலத்தில் அக்காவுக்கும் சரிபாதி உரிமை இருந்தது. சட்டம் கொடுத்த உரிமை. ஆனால் எங்கள் வீடுகளில் பெண்கள் அந்த உரிமையைச் சகோதரனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவார்கள். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். யாருக்கு யாரிடமிருந்து விடுதலையோ! அந்தப் பத்திரத்தின் வாசகத்தை எழுதியவன் நானே. அக்கா அதைப் படிக்கவில்லை. "எங்க போடோணும்?" என்று மட்டும் கேட்டாள். போட்டாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அந்த நிலத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. அந்தத் தேங்காய் வாங்க வந்த அன்று வரை... இல்லை, தவறாக எழுதுகிறேன். தேங்காய் கொடுக்க வந்த அன்று வரை. வாங்கியவன் எப்போதும் நான்தான்.

"நிக்குதுக்கா," என்றேன்.

"நிக்கட்டும். நல்லா நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை, கணக்குத் தீர்க்கும் பேச்சும் இல்லை. தன் பெயரை எனக்காக அழித்துக்கொண்டவள், இன்னொருத்தியின் பெயர் எழுதப்படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். நான் எதைச் சொல்லி மறுப்பேன்?

மறுத்திருக்கலாம். எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். குமரேசன், சுகந்தி, குழந்தை, அக்கா, அக்காவின் இளைய மகன் பிரபு. சுகந்தி கைப்பேசியில் எதையெதையோ படித்துத் தேர்வுக்குப் போகிறவளைப் போல வந்திருந்தாள்.

நான் சொற்பொழிவைத் தொடங்கினேன். தனியுரிமை என்றால் ஒருவர் பெயரில் கடை. எளிது, செலவு குறைவு, ஆனால் லாபமும் நட்டமும் அவர் தலையில். கூட்டாண்மை என்றால் பங்குதாரர்கள். ஒப்பந்தப் பத்திரம் எழுத வேண்டும், கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. கம்பெனி என்றால் கடையின் கடன் வீட்டுவாசலுக்கு வராது. ஆனால் சிறிய கடைக்கு வருடாவருடம் அத்தனை கணக்குத் தாக்கல் செய்து மாளாது. எல்லாம் உண்மை. ஒரு சொல் பிசகில்லை. பிரபு கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தான்.

"எல்.எல்.பி.ன்னு ஒண்ணு இருக்குதாமுங்களே பெரியப்பா? அதுல பங்காளிங்க சொந்தச் சொத்துக்குப் பாதிப்பு வராதுன்னு போட்டிருந்தாங்க," என்றாள் சுகந்தி.

எனக்குச் சுருக்கென்றது. அதை நான் இன்னும் சொல்லவில்லை; சொல்லவிருந்தேன். என் வாயிலிருந்து வர வேண்டியது அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. இவ்வளவு அற்பமா என்று கேட்காதீர்கள். அற்பம்தான்! பதவி போன மனிதனிடம் வேறென்ன மிஞ்சியிருக்கும்?

"அதெல்லாம் பெரிய ஆளுகளுக்குக் கண்ணு. உன்ற கடைக்கு அது யானைக்குப் போடற பந்தலு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். பிறகு, தயங்கித் தயங்கி, குமரேசன் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப பார்ட்னர்சிப்பு போட்டுக்கலாமுங்களா? நானும் அவரும்?"

அக்கா காப்பித் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டோம். மறுப்புக்கும் ஓர் 'ங்க' போட்டுக் குளிர வைத்துத்தான் கையில் கொடுப்போம். இத்தனை வருட உத்தியோகத்தில் நான் கற்ற பெரிய வித்தை அதுதான். விருப்பமில்லாத வேலைக்கு ஒரு விதியைக் காட்டிவிடுவது. "எனக்கு ஒண்ணுமில்லீங்க, விதியில எடமில்லீங்க." கேட்டவர் கும்பிட்டுவிட்டுப் போவார். விதி உண்மையில் இருக்கிறதா என்று எந்த மனிதர் தேடிப் பார்த்தார்?

அப்படி ஒரு விதியை அந்த நிமிஷத்தில் நான் உண்டாக்கினேன்.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு பங்குதாரரா ஆக முடியாது கண்ணு. ஒரே ரேஷன் கார்டுல பேரு இருந்தா சட்டம் அவங்கள ஒரே ஆளாத்தான் எடுத்துக்கும். ஒருத்தரே தனக்குத்தானே பங்காளி ஆக முடியுமா?"

ஒரே ரேஷன் கார்டு! எங்கிருந்து வந்தது அது என் நாவுக்கு? அப்படி ஒரு சட்டம் இந்த நாட்டில் எந்த மூலையிலும் இல்லை. கணவனும் மனைவியும் தாராளமாகப் பங்குதாரர்கள் ஆகலாம். அப்படிப்பட்ட நிறுவனங்களை நானே, என் கையெழுத்தைப் போட்டு, என் முத்திரையைக் குத்திப் பதிவு செய்திருக்கிறேன். எத்தனை என்று நினைவில்லாத அளவுக்கு.

சுகந்தியின் நெற்றி சுருங்கியது. "நெட்டுல அப்படி ஒண்ணும் போடலீங்களே பெரியப்பா?"

"நெட்டுல போடறவன் கையெழுத்துப் போடறானா கண்ணு? போட்டவன் நான்."

மறுபடியும் சிரிப்பு. குமரேசனுக்கு நிம்மதி முகத்தில் தெரிந்தது. "நாஞ்சொன்னனல்லோ, பெரியவங்களைக் கேட்டுப்போட்டுச் செய்யோணும்னு," என்றான் அவளிடம். அவனுக்கு உண்மை தெரியாது. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடத்தில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர் மட்டுமே. நானும் அக்காவும். அக்காவுக்கும் முழுதாகத் தெரியாது. நான் பார்த்துக்கொள்வேன் என்பது மட்டும் தெரியும்.

அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு இரக்கம்கூட வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெருந்தன்மையோடு சொன்னேன்:

"அதுக்கென்ன கண்ணு, பலகைல உன்ற பேரையே வெச்சுக்க. சுகந்தி மேட்சிங் சென்டர். ஊரே உன்ற பேரைத்தான் சொல்லும்."

"சரிங்க பெரியப்பா," என்றாள். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடையை அவள் ஒருத்தி பெயரிலேயே தனியுரிமையாகப் பதிவு செய்திருக்கலாம். அதற்கும் தடை கிடையாது. அந்த யோசனை அங்கே எவருக்கும் வரவில்லை. பாவம், அவளுக்கும் வரவில்லை. மனைவி பெயரில் தொழில் என்பது எங்கள் ஊரில் புதிதா என்ன? என்னோடு வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் மனைவி பெயரில் ஃபைனான்ஸ் நடத்தினார்கள்! அந்த அம்மணிகள் அந்த ஆபீஸ் வாசலைக்கூட மிதித்ததில்லை. தொழில் ஆணுடையதாக இருந்தால் பெண்ணின் பெயர் வைப்போம். தொழில் உண்மையிலேயே பெண்ணுடையதாக இருந்தால் மட்டும் நமக்குச் சட்டம் நினைவுக்கு வந்துவிடும்.

கடை நடந்தது. நன்றாகவே நடந்தது. ஜி.எஸ்.டி. பதிவு குமரேசன் பெயரில், வங்கிக் கணக்கு குமரேசன் பெயரில், வாடகை ஒப்பந்தம் குமரேசன் பெயரில். பலகையில் மட்டும் சுகந்தி. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். "எங்க ஓனரு வந்துட்டாருங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க," என்று வாடிக்கைக்காரப் பெண்களிடம் அவள் கேலி செய்வாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு நூல்கண்டு டப்பாக்களை அடுக்குவான். அவர்கள் அன்பாகத்தான் வாழ்ந்தார்கள். அதுவும் என் கணக்கில் சேர வேண்டியதுதான்.

குமரேசன் கம்பெனியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சாகும் வயதல்ல...

காரியம் முடிந்த பிறகு அக்கா வீட்டில் எல்லோரும் கூடினோம். அழுது ஓய்ந்த வீட்டில் பேச்சு தானாகக் கடைப்பக்கம் திரும்பியது. பிரபுதான் ஆரம்பித்தான். கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். கட்டட உரிமையாளரிடம் முன்பே பேசிவிட்டான் என்பது எனக்குத் தெரியும்.

"நானே பாத்துக்கறனுங்க. எனக்கு அதுதானுங்க தெரியும்," என்றாள் சுகந்தி.

அக்கா அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அன்பு பொய்யல்ல. அது பொய்யாக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கண்ணு, கல்யாணப் பொடவைக்கு மேச்சிங் எடுக்கத்தான் அங்க வாறாங்க. இனி நீ போயி அங்க நின்னா... வாறவங்க மனசு சங்கடப்படுமல்லோ? ஆராச்சும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டா உன்னால தாங்க முடியுமா?"

சுகந்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

"தனியுரிமைக் கடைன்னா, உரிமையாளரு போனதும் அதுவும் முடிஞ்சுபோகுது கண்ணு. அந்தப் பதிவு அவனோட போச்சு. இனி ஆரு நடத்துனாலும் புதுசாத்தான் பதியோணும்."

"அப்பக் கடையே இல்லீங்களா பெரியப்பா? சரக்கெல்லாம் இருக்குதுங்களே?"

"சரக்கு இருக்குது கண்ணு. கடைதான் இல்லை."

கவனியுங்கள்... இந்த முறை நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை! முதல் தடவை பொய்யைச் சட்டமாக்கினேன். இரண்டாம் தடவை சட்டத்தையே பொய்க்கு வேலைக்காரனாக்கினேன். அந்தப் புதுப் பதிவை மறுநாளே அவள் தன் பெயரில் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. குமரேசனுடைய வாரிசுகள் அவள், குழந்தை, அக்கா என்ற மூன்று பேர். ஆகவே சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு அவளுக்கும் குழந்தைக்கும்தான், பிரபுவுக்கு அதில் எந்த உரிமையும் இல்லை... இதையும் சொல்லவில்லை. கேட்டால் மட்டும் சொல்வது என்று ஓர் அலுவலக ஒழுக்கம் உண்டல்லவா? அவள் கேட்கவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"சரிங்க பெரியப்பா," என்றாள்.

சரக்குக்கு ஏதோ ஒரு மதிப்புப் போட்டு அவளுக்கும் குழந்தைக்கும் கொடுத்தார்கள். பிரபு புதுப் பதிவு எடுத்தான். பலகையை மட்டும் அவன் மாற்றவில்லை. வாடிக்கை போய்விடுமாம். இன்றைக்கும் மேட்டுப்பாளையம் ரோட்டில் நீங்கள் போனால் அதைப் பார்க்கலாம். சுகந்தி மேட்சிங் சென்டர். சுகந்தி உள்ளே இல்லாத சுகந்தி மேட்சிங் சென்டர்.

பல காலம் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டே பேர் உள்ள கூட்டாண்மையில் ஒருவர் இறந்தால் அந்த நிறுவனமும் கலைந்துவிடும். ஒருவர் மட்டுமே மிஞ்சினால் அது கூட்டாண்மை இல்லை. ஆகவே நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் முடிவு இதுவேதான்! எவ்வளவு கச்சிதமான வாதம்! சட்டம் தெரிந்தவனுக்கு இருக்கிற பெரிய வசதி, தன் மனசாட்சிக்கு எதிராக அவனே வழக்காட முடியும் என்பது.

ஆனால் நான் அறிவேன். கலைந்துபோன கூட்டாண்மையிலும் பாதி அவளுடையதாக இருந்திருக்கும். வாரிசாக அல்ல, உரிமையாக. வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயர் இருந்திருக்கும். வங்கியில் அவள் கையெழுத்து செல்லுபடியாகியிருக்கும். அந்தக் கூடத்தில் அவள் யார் முகத்தையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. முக்கியமாக, என் முகத்தை.

அக்காவும் நானும் இதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று அவள் அதற்குப் பின் கேட்கவுமில்லை. கணக்கு நேராகிவிட்டது போலும். நான் பட்ட கடனை இன்னொருத்தியின் பெயரை எடுத்துக் கொடுத்து அடைத்தேன். அப்பா நிலத்தின் தேங்காயை இன்றைக்கும் உடைத்துச் சட்னி அரைத்துச் சாப்பிடுகிறேன்... தொண்டையில் நிற்கிறது என்று எழுத ஆசை. நிற்பதில்லை. இறங்கிவிடுகிறது.

இதையெல்லாம் ஏன் இப்போது உங்களிடம் சொல்கிறேன்? போன மாதம் நடந்தது ஒன்று.

சுகந்தி இப்போது சாகுல் பாயின் கடையில் வேலை செய்கிறாள். முன்பு எவரிடமிருந்து சரக்கு எடுத்தாளோ அவருடைய கடையில். அந்தப் பக்கம் போவதையே நான் தவிர்த்து வந்தேன். என் மனைவிதான் புதுச்சேலை ஒன்றைக் கையில் திணித்து, ஃபால்ஸ் வாங்கி வரச் சொன்னாள். "சுகந்திகிட்டயே குடுங்க, அவ கண்ணுக்குத்தான் கலரு தப்பாது," என்றாள். மறுக்க என்னிடம் விதி எதுவும் அகப்படவில்லை.

"வாங்க சார், வாங்க! சுகந்தி, பெரியப்பா வந்திருக்காங்க பாரு," என்றார் சாகுல் பாய். "சட்டம்னா எங்க பெரியப்பாதான்னு எப்பவும் சொல்லிட்டே இருக்கும் சார், இந்தப் புள்ள."

அவள் முகம் மலர்ந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "பெரியம்மாவுக்கு முட்டுவலி எப்படீங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே சேலையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எதிரே ஓர் இளம் தம்பதி சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதுக்கரையில் ஃபேன்சி ஸ்டோர் திறக்கப் போகிறார்களாம். பையன் வளையல் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். பெண்தான் பேசினாள்; கேள்வி மேல் கேள்வி. பல வருடங்களுக்கு முன் என் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் போல.

"கடை ஆரு பேருலீங்க போடறீங்க?" என்று சுகந்தி கேட்டாள்.

"நாங்க ரெண்டு பேரு பேருலயுமே பார்ட்னர்சிப்பாப் போடலாம்னு இருக்கறமுங்க அக்கா."

"புருசன் பொண்டாட்டிதானுங்க? ஒரே ரேஷன் கார்டுங்களா?"

"ஆமாங்க்கா."

"அப்ப முடியாதுங்க அம்மணி. ஒரே கார்டுன்னா சட்டம் ஒரே ஆளாத்தான் எடுத்துக்கும். அவரு பேருல போட்டுப்போட்டு, பலகைல உங்க பேரை வெச்சுக்குங்க. நாங்க அப்படித்தான் வெச்சிருந்தோம்."

சொல்லுக்குச் சொல் அதே! அவள் குரலில் வஞ்சம் இல்லை, துக்கம்கூட இல்லை. தனக்குத் தெரிந்த ஒரு நல்ல விஷயத்தை, கஷ்டப்படப் போகிற ஒரு பெண்ணுக்கு எடுத்துச் சொல்கிற அக்கறை மட்டுமே இருந்தது.

"இதா, எங்க பெரியப்பாவே இருக்காங்க. ரிஜிஸ்தர் ஆபீசுல பெரிய ஆபீசரா இருந்தவங்க. வேணும்னாக் கேட்டுக்குங்க," என்று என் பக்கம் கையைக் காட்டினாள்.

மூன்று பேர் முகங்களும் என் பக்கம் திரும்பின.

இதோ, கடவுளே கொண்டுவந்து கையில் கொடுத்த சந்தர்ப்பம்! அப்படி ஒரு சட்டமே கிடையாது கண்ணு, அன்றைக்கு நான் உன்னிடம் பொய் சொன்னேன்... இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணும் தப்பித்திருப்பாள். சுகந்திக்கும் உண்மை தெரிந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"இல்லீங்க... இப்பப் போடலாமுங்க. புருசன் பொண்டாட்டியும் போட்டுக்கலாம். சட்டம் மாறிப்போச்சு."

அந்தப் பெண் சிரித்தாள். பையன் எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

சுகந்தி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் சேலை.

"மாறிப்போச்சுங்களா? எப்பங்க பெரியப்பா?"

"இப்பத்தான் கண்ணு. கொஞ்ச நாளாச்சு."

"அவரு போனதுக்கு அப்பறமுங்களா?"

அந்தக் கேள்வியை அவள் கேட்ட விதத்தை எப்படி எழுதுவேன்! பிடிக்க வேண்டிய பஸ் தன் கண்முன்னால் போனதா, தான் வருவதற்கு முன்பே போய்விட்டதா என்று கேட்பவளைப் போல. இரண்டாவது என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

"ஆமா கண்ணு. அதுக்கு அப்பறந்தான்."

அவள் மெல்ல மூச்சு விட்டாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "பாருங்க அம்மணி, உங்களுக்கு நல்ல நேரம். ரெண்டு பேரு பேரையும் போட்டுக்குங்க. எங்களுக்குத்தான் குடுத்து வெக்கலை," என்றாள்.

சேலையை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்காகக் கடை வாசலுக்குப் போனாள். வெயிலில் விரித்து, ஃபால்ஸ் துணிகளை ஒவ்வொன்றாக அதன் கரையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கலரு சேருதுங்களா பெரியப்பா?"

"சேருது கண்ணு."

பணம் வாங்க மறுத்துவிட்டாள். "பெரியம்மாவுக்குத்தானுங்க" என்றாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சட்டம் மாறவில்லை. அது அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. முன்பின் தெரியாத உங்களிடம் இதை எவ்வளவு சரளமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள்! சொல்ல வேண்டியவளிடம் மட்டும் இன்னொரு பொய்யைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவளும் அதை நன்றியோடு வாங்கி வைத்துக்கொண்டாள்.

எந்தத் தேதியிலிருந்து மாறியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு தேதியையும் சொல்லியிருப்பேன்.